பழைய கண்டாங்கிச் சேலையில் ஜன்னல் பெல்மெட்: பலகை வெட்டுவது முதல் சுவரில் மாட்டுவது வரை

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எவ்வளவு கனமான திரை போட்டாலும், பிற்பகல் 3 மணி தாண்டியதும் திரைக்கம்பிக்கு மேலே இருக்கும் சந்து வழியாக ஒரு வெயில் கீற்று உள்ளே வந்து எதிர்ச்சுவரில் விழும். வெயில் மட்டும் வருவதில்லை. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சூடாகிற காற்று மேலேறி, அதே சந்து வழியாக அறைக்குள் கொட்டும். கீழே இருந்து அறைக்காற்று அந்த இடத்துக்குப் போய் அதுவும் சூடாகும். மேலே மூடி போட்ட ஒரு நீளப் பெட்டியைக் கம்பிக்கு மேல் மாட்டிவிட்டால் இந்தச் சுழற்சி குறையும், கீற்றும் மறையும். அந்தப் பெட்டிதான் பெல்மெட்.

ஆசாரியை வைத்து மைக்கா ஒட்டிய பெல்மெட் அடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது அலமாரியிலிருந்து கழற்றி வைத்த பலகை மாதிரி தனியாகத் தெரியும். துணி சுற்றிய பெல்மெட் திரையோடு சேர்ந்துகொள்ளும். என் வீட்டில் 3 ஜன்னலுக்கும் அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றைத்தான் பயன்படுத்தினேன். கொசுவம் வைத்த இடம் நைந்துபோயிருந்தது. கரையும் அதையொட்டிய பகுதியும் புதுசு போலவே இருந்தன. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கெட்டியான பருத்தி, கட்டம் போட்ட உடல், அகலமான கரை என்று பெல்மெட்டுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. கரை பெட்டியின் கீழ் விளிம்பில் நேர்கோடாக ஓடும்போது கிடைக்கிற அழகு வேறு எந்தத் துணியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோடு கால் அங்குலம் கோணினாலும் கண்ணில் உறுத்தும் என்பதால், இந்த வேலையில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டைக் காப்பாற்றுவதுதான்.

காகிதம் ஒட்டிப் பாருங்கள்

பலகை வாங்கப் போவதற்கு முன்னால் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, பெல்மெட்டின் முன்பக்க அளவுக்கு வெட்டி, ஜன்னலுக்கு மேலே டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். சோபாவில் உட்கார்ந்து பாருங்கள், வாசலில் நின்று பாருங்கள். அளவு டேப்பில் பார்த்தால் 10 அங்குலம் சின்னதாகத் தோன்றும். சுவரில் பார்த்தால் சில அறைகளில் அதுவே பாரமாக இருக்கும். பொதுவாகத் திரையின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு உயரம் பொருந்தும். 5 அடித் திரைக்கு 10 அங்குலம். தரை வரை தொங்கும் திரை என்றால் 13, 14 வரை போகலாம்.

அப்படியே இன்னொன்றையும் பாருங்கள். ஜன்னல் கதவு வெளியே திறந்தாலும், கொசுவலைச் சட்டம் உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி இருக்கிறதா? நான் முதலில் செய்த பெட்டி வலைக்கதவின் மேல் முனையில் இடித்தது. மாட்டிய பிறகுதான் அது தெரிந்தது. முழுவதையும் இறக்கி, துளைகளை அடைத்து, 2 அங்குலம் மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. வலைக்கதவை முழுக்கத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலால் குறி போட வேண்டும்.

அளவுக் கணக்கு

4 அடி அகல ஜன்னலை எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். உங்கள் அளவுக்கு இதே முறையில் மாற்றிக்கொள்ளலாம்.

ஜன்னல் 48 அங்குலம். திரையை ஒதுக்கும்போது கண்ணாடியை மறைக்காமல் இருக்கக் கம்பி இரண்டு பக்கமும் 6 அங்குலம் நீள வேண்டும், ஆக 60. பெட்டியின் உள் அகலம் அதைவிட 4 கூடுதலாக, 64. கம்பியின் நுனியில் வரும் குமிழ்களை வாங்க வேண்டாம், அவை உள்ளே மறைந்துதான் இருக்கும். சாதாரண மூடி போதும்.

பெட்டி சுவரிலிருந்து எவ்வளவு முன்னே வர வேண்டும் என்பதைத் திரையின் மடிப்புதான் தீர்மானிக்கும். வளையம் வைத்த திரையின் மடிப்பு கம்பிக்கு முன்னும் பின்னும் 2 அங்குலம் வரை புடைக்கும். கம்பி சுவரிலிருந்து 3 அங்குலத்தில் இருந்தால் மடிப்பின் முன்முனை 5-க்கு வந்துவிடும். ஆகவே உள் ஆழம் ஐந்தரைக்குக் குறையக் கூடாது. மெல்லிய திரை ஒன்று, கனமான திரை ஒன்று என இரட்டைக் கம்பி போட்டிருந்தால் 7, 8 அங்குலம் வேண்டும்.

உயரத்தில், பெட்டியின் கீழ் விளிம்பு ஜன்னல் சட்டத்தின் மேல் முனையை ஓர் அங்குலம் மூடட்டும். கம்பிக்கும் பெட்டியின் மூடிக்கும் நடுவே இரண்டரை முதல் 3 அங்குலம் இடைவெளி விடுங்கள். இதை விட்டுவிட்டால் திரையைத் துவைக்க எடுக்கும் நாளில் கம்பியைத் தூக்கிக் கழற்றக் கை நுழையாது.

12 மி.மீ. பிளைவுட்டில், அதாவது ஏறக்குறைய அரை அங்குலத்தில், வெட்ட வேண்டியவை இவை:

- முன்பலகை ஒன்று: 65 × 10 அங்குலம்
- மூடி ஒன்று: 64 × 5½ அங்குலம்
- பக்கப்பலகை இரண்டு: 10 × 5½ அங்குலம்

மூடியின் இரு முனைகளிலும் பக்கப்பலகைகள் சேரும். மூன்றின் முன்விளிம்பையும் மறைத்தபடி முன்பலகை வரும். 8 × 4 அடி ஷீட் ஒன்றில் ரம்பம் தின்னும் தூளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இந்த அளவில் 3 பெல்மெட் வந்துவிடும். கடையிலேயே மெஷினில் வெட்டித் தரச் சொல்லுங்கள். கைரம்பத்தில் 65 அங்குல நீளத்தை நேராக அறுப்பது பழகிய கைக்கே சிரமம்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது சாதாரண அறைகளுக்குப் போதும். மழைச்சாரல் அடிக்கிற, சட்டத்து ஓரமாக நீர் கசிகிற ஜன்னல் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள தண்ணீர் தாங்கும் பலகையை வாங்குங்கள். கசிவைச் சரிசெய்யாமல் எந்தப் பலகை போட்டும் பயனில்லை. சமையலறை ஜன்னலுக்குத் துணி பெல்மெட் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் புகை படிந்து சில மாதங்களிலேயே பிசுக்காகிவிடும், அடுப்பு பக்கத்தில் இருந்தால் ஆபத்தும்கூட.

பெட்டி அடிப்பது

பிளைவுட்டின் விளிம்பில் நேராக ஆணி அடித்தால் அடுக்குகள் பிளக்கும். அதனால் உள்மூலைகளில் ஓர் அங்குல ரீப்பர் கட்டைகளை வைத்து, மரத்துக்கான ஃபெவிகால் தடவி, பலகையை ரீப்பரோடு சேர்த்து ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூவின் தலை பலகைக்குள் பதிய வேண்டும், இல்லையென்றால் துணியில் புடைத்துத் தெரியும். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள்.

மறுநாள் உப்புத்தாளால் விளிம்புகளைத் தேயுங்கள், முக்கியமாகக் கீழ் விளிம்பையும் இரண்டு முன்மூலைகளையும். கூர்மையான மூலை சில வருடங்களில் துணியை அறுத்துவிடும். பெட்டியின் உள்பக்கத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள். கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது கண்ணில் படுவது அந்தப் பக்கம்தான்.

துணி

சேலையை முதலில் ஒருமுறை துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள். கஞ்சி இருக்கும் துணியை ராமபாணப் பூச்சி விடாது. மைதாப் பசையைத் தொடாதீர்கள் என்பதும் அதற்காகத்தான். பிறகு லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டு, கட்டத்தின் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். கோணியிருந்தால் இரண்டு பேர் எதிரெதிர் மூலையைப் பிடித்து இழுத்தால் நேராகும்.

நீளத்துக்கு முன்பக்கம் 65, இரண்டு பக்கத்துக்கும் 6, 6, பின்னால் மடிக்க 3, 3 என்று மொத்தம் 83 அங்குலம். 2.2 மீட்டர் வெட்டுங்கள். உயரத்துக்குக் கரை விளிம்பிலிருந்து 14 அங்குலம் போதும், முன்பக்கம் 10 போக மூடியின் மேல் மடிக்க மீதி வரும். சேலையின் இரண்டு பக்கக் கரையும் ஒரே அகலமாக இருந்தால் ஒரே நீளத்தில் இரண்டு பெல்மெட்டுக்குத் துணி கிடைத்துவிடும்.

கரை சேலையின் நீளவாக்கில் ஓடுவதால் இது சுலபம். கடையில் புதுத் துணி வாங்கினால் கவனம் வேண்டும். பூவோ மயிலோ நின்ற வாக்கில் அச்சிட்ட துணியை நீளவாக்கில் வெட்டிச் சுற்றினால் மயில் படுத்துவிடும். அப்படிப்பட்ட துணியைக் குறுக்காக வெட்டி இணைக்க வேண்டும். இணைப்பை நடுவில் வைக்காதீர்கள். முழு அகலத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து, இரண்டு ஓரங்களிலும் சிறு துண்டுகளைச் சேர்த்தால் தையல் அவ்வளவாகத் தெரியாது. சென்னிமலைப் போர்வைத் துணி, கரூர் மேசைவிரிப்புத் துணி போன்ற கெட்டியான பருத்தி எல்லாமே நன்றாக உட்காரும். பழைய பட்டுச் சேலை என்றால் மடிப்பு விழுந்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே இழை விட்டிருந்தால் இழுக்கும்போது கிழியும்.

இப்போது, என் பெல்மெட்டைக் காப்பாற்றிய ஒரு யோசனை. கரை சேலையின் ஓரத்திலேயே இருக்கிறது. கீழ் விளிம்பில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்க 3 அங்குலம் உள்ளே போனால், 4 அங்குலக் கரையில் ஓர் அங்குலம்தான் முன்னே தெரியும். என்ன செய்வது என்று தெரியாமல் தெருக்கோடியில் தைக்கிற அக்காவிடம் கொண்டுபோனேன். சேலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரை ஓரத்துல நாலு இஞ்சுக்கு ஒரு காடா பட்டி வச்சுத் தச்சுக்கோ கண்ணு. இழுக்கறதெல்லாம் பட்டியை இழு, கரை முழுசா வெளிய நிக்கும்" என்றார். அதேதான். காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணியில் வெட்டிய பட்டியைக் கரையின் விளிம்போடு தைத்துவிட்டால் அந்தத் தையல் பெட்டியின் கீழ் விளிம்புக்கு அடியில் மறைந்துகொள்ளும். பின் குத்துவதும் காடாவில்தான், சேலையின் கரை துளைபடாது.

பெட்டியை முன்பக்கம் மேலே பார்க்கக் கட்டிலில் படுக்க வைத்து, கால் அங்குல ஃபோம் ஷீட்டை முன்பக்கத்துக்கும் இரண்டு பக்கங்களுக்கும் ஒரே துண்டாகச் சுற்றி ஒட்டுங்கள். குஷன் கடையில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் எல்லாம் காட்டுவார்கள். பூப்போட்ட துணிக்கு அது சரி. கட்டம் போட்ட துணிக்கு ஃபோம் தடித்தால் விளிம்பு உப்பி, கோடுகள் வளைந்து தெரியும். கீழ் விளிம்பில் ஃபோமைப் பலகையோடு சரியாக வெட்டிவிடுங்கள்.

ஃபோமுக்கு மேல் ஒரு சுற்றுக் காடாத் துணி. இதைத் தவிர்க்க வேண்டாம். பழைய சேலைக்கு இது முதுகெலும்பு மாதிரி; பலகையின் நிறமும் வெளியே தெரியாது. ஸ்டேப்ளர் துப்பாக்கியில் 8 மி.மீ. பின் போட்டு அடிக்கலாம். பலகை கெட்டியாக இருந்து பின் பாதியிலேயே நின்றால் 6 மி.மீ. பின்னுக்கு மாறுங்கள்.

காடாவின் மேல், கீழ் விளிம்பிலிருந்து கரையின் அகலத்தை அளந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பென்சில் கோடு போடுங்கள். கரையும் உடலும் சேரும் கோடு இந்தப் பென்சில் கோட்டின் மேல்தான் உட்கார வேண்டும். பெட்டியின் நடுவையும் துணியின் நடுவையும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் பெட்டியில் இந்தப் பென்சில் கோடு இல்லை. நடுவில் பலமாக இழுத்துப் பின் அடித்தேன், ஓரத்துக்குப் போகப் போகக் கை தளர்ந்தது. மாட்டிவிட்டு எதிரே நின்று பார்த்தால், கரை நடுவில் இறங்கி ஓரங்களில் ஏறி, வில்லாக வளைந்து நின்றது. அத்தனை பின்களையும் தட்டைத் திருப்புளியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன்.

அதனால் பின் அடிக்கும் வரிசை முக்கியம். கீழ்ப்பக்கம் முதலில். நடுக்குறிகளைச் சேர்த்து, காடாப் பட்டியை உள்பக்கம் மடித்து ஒரு பின். பிறகு வலப்பக்கம் 2 அங்குலம் தள்ளி ஒன்று, இடப்பக்கம் 2 அங்குலம் தள்ளி ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு பின்னுக்கும் முன்னால் கரைக்கோடு பென்சில் கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடியுங்கள், இல்லையென்றால் பட்டியைத் தளர்த்தியோ இழுத்தோ சரிசெய்யுங்கள். கீழ்ப்பக்கம் முழுக்க முடிந்த பிறகே மேலே இழுக்க வேண்டும், அதுவும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. மேளத்தோல் மாதிரி விறைப்பாக்க வேண்டியதில்லை. சுருக்கம் போனால் போதும், கட்டத்தின் செங்குத்துக் கோடுகள் நேராக நின்றால் இழுப்பு சரி என்று அர்த்தம். பின்னை இழையின் போக்கிலேயே வைக்காமல் சற்றுச் சாய்த்து அடியுங்கள், அப்போது பல இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும்.

மூலையில் துணியைப் பக்கத்துக்குத் திருப்பி, சுவரை ஒட்டும் பின்விளிம்பைத் தாண்டி உள்ளே மடித்துப் பின் அடியுங்கள். அந்த விளிம்பில் ஒரே மடிப்புதான் இருக்க வேண்டும், அதிகமானால் பெட்டி சுவரோடு ஒட்டாது. கீழ் உள்மூலையில் காடாப் பட்டி குவியும். மூலைக்குக் கால் அங்குலம் முன்வரை சாய்வாக ஒரு வெட்டுக் கொடுத்தால் இரண்டு பக்கமும் பிரிந்து படியும். மேல்மூலையில் பரிசுப்பொட்டலம் மடிக்கிற மாதிரி மடித்துக்கொள்ளலாம். அது மேலே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

சுவரில் மாட்டுவது

பெட்டி 5, 6 கிலோ இருக்கும். 3 எல் வடிவக் கிளாம்ப் போதும், ஓரங்களிலிருந்து 4 அங்குலம் உள்ளே ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. திரைக்கம்பியின் நடுத் தாங்கி இருக்கும் இடத்தை விட்டு நடுக் கிளாம்பைச் சற்று நகர்த்துங்கள். கிளாம்பின் ஒரு கால் சுவரில் கீழ்நோக்கி, மறுகால் மூடிக்கு அடியில். மேலே டியூப்லைட்டோ மின்விசிறியோ இருந்தால், அதற்கு வயர் சுவருக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டு, மெயினை அணைத்துவிட்டுத் துளை போடுங்கள். துளைக் கருவிக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் வேண்டியிருக்கும், அல்லது பேட்டரியில் ஓடுவது.

கோடு போட ரசமட்டம் வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜன்னல் சட்டமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எதைப் பின்பற்றுவது என்ற குழப்பம் வரும். ரசமட்டத்தையே பின்பற்றுங்கள், சட்டத்தின் சாய்வைப் பெட்டியின் ஓர் அங்குல மறைப்பு மூடிவிடும். கூரைக்கு மிக அருகில் பெட்டி வருமானால் மட்டும் கூரையின் கோட்டை அனுசரித்துப் போங்கள், அங்கே கண் இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

8 மி.மீ. பிட், அதே அளவு பிளக், 2 அங்குல ஸ்க்ரூ. பிட்டில் இரண்டேகால் அங்குலத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டால் ஆழம் தவறாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துளையிலிருந்து விழும் தூளைப் பாருங்கள், சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். முதலில் பூச்சு மணல் சாம்பலாக உதிரும். பிறகு சிவப்பாக வந்தால் செங்கல், பிடிப்பு நன்றாக இருக்கும். தொடர்ந்து சாம்பலாக வந்து பிட் திணறினால் அது லிண்டல், ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட். துளைக் கருவியில் சுத்தியல் விசையைப் போட்டு நிதானமாகப் போக வேண்டும். திடீரென்று உலோகச் சத்தத்தோடு நின்றுவிட்டால் அது கம்பி. மல்லுக்கட்டாமல் அரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். வெள்ளையாக மாவு மாதிரி கொட்டினால் இலேசான பிளாக் சுவர், அதற்கு நீளமான பிளக் வேண்டும்.

முதலில் திரைக்கம்பியை மாட்டித் திரையையும் தொங்கவிட்டுவிடுங்கள். அதன் பிறகு இரண்டு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கிக் கிளாம்ப் மேல் உட்கார வைத்து, அடியிலிருந்து அரை அங்குல ஸ்க்ரூ போட வேண்டும். நீளமான ஸ்க்ரூ போட்டால் நுனி மூடிக்கு மேலே துருத்தும். தூசி துடைக்கும்போது கையைக் கிழிக்கும்.

பிறகு

மாதம் ஒருமுறை மூடியின் மேல் தூசியைத் துடைத்து, முன்பக்கத்தை மென்மையான பிரஷ்ஷால் கரையின் போக்கில் தட்டிவிட்டால் போதும். ஈரத்துணி வேண்டாம், தூசி சேறாகிக் கறை படியும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே சந்து இருந்தால் பல்லி குடிவரும், குளவி மண்கூடு கட்டும். திரையைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.

மிச்சமான சேலையில் கரையோடு ஒரு முழம் எடுத்து, மடித்து ஒரு காகித உறையில் போட்டு, மூடியின் மேல்பக்கத்தில் பின் அடித்து வைத்திருக்கிறேன். எங்காவது கிழிந்தால் ஒட்டுப்போட அதே சாயத்தில் அதே துணி வேண்டுமே.